"அம்மா வரலையா?"

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஒன்றரை வயது. போன வாரம் அரை நாள் லீவு போட்டுத் தடுப்பூசிக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். செவிலியர் எடுத்த எடுப்பில் "அம்மா வரலையா?" என்றார். போன ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்ததா, என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார். மனைவிக்கு போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். "அடுத்த தடவை அம்மாவையே வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். அவமானமாக இருந்தது. காப்பகத்திலும் எது என்றாலும் மனைவிக்குத்தான் அழைப்பு. குழந்தைகளுக்கான சேவைகளில் அப்பாக்களையும் சேர்த்துக்கொள்ள என்ன செய்யலாம்? அப்பாக்களுக்கென்று நல்ல புத்தகம் இருந்தாலும் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

லீவு போட்டு வந்த மனிதரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டாம். அந்தச் செவிலியர் பேசியது தப்பு. குழந்தை மருத்துவரின் மேசைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு நாற்காலிதான் இருக்கும். அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்காருவார். அப்பா பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பார். மருத்துவர் அவரை நிமிர்ந்து பார்ப்பதே மருந்துச் சீட்டை நீட்டும்போதுதான். இன்னொரு நாற்காலி போடுவதும், படிவத்தில் இரண்டு பேர் எண்ணையும் கேட்டு வாங்குவதும் பெரிய வித்தை இல்லை. குழந்தைப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனால் கைகொடுக்கிற அப்பாவும் கண்ணில் படமாட்டார், கைநீட்டுகிற அப்பாவும் கண்ணில் படமாட்டார்.

சரி, உங்கள் கேள்வி முடிந்தது. இனி என் கேள்வி. அந்த மருந்து உங்களுக்கு ஏன் தெரியவில்லை?

கோபித்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் வந்த இரவு நீங்களும் அதே வீட்டில்தானே இருந்தீர்கள்? தூக்கிக்கொண்டு போனது நீங்கள், நினைவில் வைத்திருந்தது உங்கள் மனைவி. செவிலியர் அதைக் கண்டுகொண்டார், அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் என் அப்பாவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எட்டு வயது இருக்கும். அம்மா உடம்பு சரியில்லாமல் மருத்துவமனையில் படுத்துவிட்டார். பள்ளிக்குப் போகும் தங்கைக்குத் தலை பின்ன ஆளில்லை. அப்பா ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, சீப்பின் காம்பால் வகிடு எடுப்பார். வகிடு கோணும். தங்கை கத்துவாள். அவிழ்த்து மறுபடி பின்னுவார். சொல்லிக்கொடுக்கவும் திருத்தவும் யாரும் இல்லாததால் தானாகவே பழகிக்கொண்டார். கொஞ்ச நாளில் இரட்டைப் பின்னல் மடித்துக் கட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார். அம்மா வீடு திரும்பிய மறுநாள், "என்ன பின்னல் இது" என்று சிரித்துக்கொண்டே அவிழ்த்துப் புதிதாகப் பின்னிவிட்டார். அப்பா அதற்கப்புறம் சீப்பைத் தொடவில்லை.

அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். சீப்பை அப்பா திரும்பக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். சந்தோஷமாக விட்டுக்கொடுத்துவிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், அப்பாவைக் குழந்தையோடு தனியாக விட வேண்டும். மேற்பார்வை இல்லாமல். பக்கத்தில் அம்மா இருக்கும்வரை அப்பா எடுபிடிதான். நார்வே 1993இல் பிள்ளைப்பேற்று விடுப்பில் நான்கு வாரத்தை அப்பாவுக்கென்றே ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் அது போய்விடும், அம்மாவுக்கு மாற்ற முடியாது. அதற்கு முன்பும் அப்பாக்கள் விடுப்பைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றுதான் சட்டம் இருந்தது, யாரும் சீண்டவில்லை. ஒதுக்கிய சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான அப்பாக்கள் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்வீடனில் 1974 முதலே பெற்றோர் இருவருக்கும் விடுப்பு உண்டு. அங்கேயும் 1995இல் ஆளுக்கு ஒரு மாதம் என்று கட்டிப்போட்ட பிறகுதான் அப்பாக்கள் நிஜமாக அசைந்தார்கள். "விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளலாம்" என்றால் ஆண்பிள்ளைக்கு விருப்பம் வராது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பிள்ளை வளர்ப்பு பெண்ணுக்குத்தான் இயல்பாக வரும் என்று உடனே யாராவது கிளம்புவார்கள். பிலிப்பைன்ஸில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2011இல் வந்தது. அப்பாவானதும் அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் குறைந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அளவு இன்னும் குறைவாக இருந்தது. பிள்ளை வளர்க்க ஆணின் உடம்பும் தன்னை மாற்றிக்கொள்ளத்தான் செய்கிறது. நாம்தான் இடம் கொடுப்பதில்லை.

காப்பகத்தில் உங்கள் எண்ணை முதல் எண்ணாக எழுதிக் கொடுங்கள். கூட்டத்துக்கு நடுவில் அழைப்பு வந்தாலும் எடுங்கள். அதைக்கூடச் செய்யாமல் சேவைகள் மாற வேண்டும் என்று எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

புத்தகம் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். வரும் சனிக்கிழமை காலையிலிருந்து இரவு வரை மனைவியை வெளியே அனுப்பிவிடுங்கள். எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று அவரிடம் எழுதி வாங்காதீர்கள். குழந்தை அழும், நீங்களும் அழலாம், தப்பில்லை. ஆனால் போன் போட்டு "மாற்றுச் சட்டை எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். அலமாரியைத் திறந்து தேடுங்கள்.