அரச வேலையை விட்டு 'மூலகாரண' கிளினிக் தொடங்கலாமா?

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் அரச வைத்தியசாலை ஒன்றில் வைத்திய அதிகாரியாக இருக்கிறேன். வயது 37. காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் நூறு பேரைப் பார்க்க வேண்டும். சீனி வருத்தம், பிரஷர், மூட்டு நோ. அதே ஆட்கள், அதே குளிசை, கூடிக்கொண்டே போகிற அளவு. வருத்தம் ஏன் வந்தது என்று கேட்கவே நேரமில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா, அங்கே 'ஃபங்ஷனல் மெடிசின்' நிலையங்கள் நன்றாக ஓடுகின்றன, காசு நான் போடுகிறேன் என்கிறார். ஏ9 வீதியில் ஒரு கட்டடமும் பார்த்துவிட்டோம். வேலையை விட்டுவிட்டு, நோயின் மூலகாரணத்தைக் கண்டு மாற்றும் நிலையம் ஒன்றைத் தொடங்கலாமா?

பதில்: முதலில் பெயர்ப்பலகை. 'மூலகாரண வைத்திய நிலையம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அடுத்த நாள் காலை வாசலில் நிற்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் மூல வருத்தத்துக்கு மருந்து கேட்டு வந்திருப்பார்கள். பகிடியாகச் சொன்னாலும், அந்தச் சொல்லில் எனக்கு இன்னொரு தயக்கமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாலு மணித்தியாலத்தில் நூறு பேர் என்றால் ஆளுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. கொப்பியைத் திறந்து, போன மாத எண்ணைப் பார்த்து, கையெழுத்து வைக்கவே அது சரி. உங்கள் மனக்குறை நியாயமானது. ஆனால் உங்களுக்கு இல்லாமல் இருப்பது நேரம்தான், புது வகை வைத்தியம் அல்ல. இந்த இரண்டையும் குழப்பினால் கட்டடம், மெஷின், கடன் என்று வேறு வழியில் போய்விடுவீர்கள்.

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். மீள்குடியேற்றம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. முல்லைத்தீவுப் பக்கத்துக் கிளினிக் ஒன்றுக்கு ஐம்பது வயது அம்மா ஒருவர் வருவார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். கொப்பியில் பிரஷர் 170, 176, 168. ஒவ்வொரு முறையும் குளிசையைக் கூட்டினேன். நாலாவது மாதம் வயலில் தலைசுற்றி விழுந்து, நெற்றி வெடித்து, தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. பிரஷர் 98க்கு 60.

கிளினிக் நாள் செவ்வாய். காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தாதி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “செவ்வாய் லோன் நாள் எல்லோ, டொக்டர்.” காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு முற்றத்தில் நுண்கடன் குழு கூடும். கட்டக் காசில்லாதவர் எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும். அங்கே நின்றுவிட்டு, பஸ் பிடித்து ஓடிவந்து என் மேசையில் கையை நீட்டியிருக்கிறார் அந்த அம்மா. நான் அளந்தது அவருடைய தவணைப் பணத்தை. வேறு நாளில், வீட்டில் ஆறுதலாக இருந்து அளந்தபோது 140ஐத் தாண்டவில்லை. ஒரு குளிசை போதுமாக இருந்தது. கிளினிக் நாளை வியாழனுக்கு மாற்றினேன். கடனை நான் கட்டவில்லை, கட்டவும் முடியாது.

எந்த ஆய்வுகூடத்துக்கு இரத்தம் அனுப்பியிருந்தாலும் இந்தக் காரணம் அகப்பட்டிருக்காது. வன்னியில் நீங்கள் தேடப்போகிற காரணங்களில் பாதி இப்படித்தான் இருக்கும்: கடன், போரில் பட்டு உடம்பில் கிடக்கும் செல் துண்டு, நித்திரை இல்லாத இரவு, வெளிநாட்டிலிருந்து காசு வந்ததும் நின்றுபோன நடை, விடியக் காலையில் பாணும் சீனித் தேத்தண்ணியும்.

சரி, அண்ணா சொல்கிற விஷயத்துக்கு வருவோம். ஃபங்ஷனல் மெடிசின் என்ற பெயரில் 1991இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தைத் தொடக்கியவர் ஜெஃப்ரி பிளாண்ட் என்ற உயிர்வேதியியலாளர். அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. ஒருவரின் கதையைப் பிறப்பிலிருந்து வரிசையாகக் கேட்பது, சாப்பாடு, நித்திரை, மனம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது போன்றவை. ஆனால் பல இடங்களில் கல்லாப்பெட்டி நிறைவது இந்த உரையாடலால் அல்ல, நீளமான பரிசோதனைப் பட்டியலாலும் போத்தல் போத்தலாக விற்கும் சத்து மாத்திரைகளாலும். உதாரணத்துக்கு, உணவு ஒவ்வாமைக்கென்று செய்யும் ஐஜிஜி (உடம்பு உருவாக்கும் ஒருவகை எதிர்ப்புப் புரதம்) இரத்தப் பரிசோதனை. அமெரிக்க, கனடிய ஒவ்வாமை நிபுணர் சங்கங்கள் இரண்டுமே அதை நோய் கண்டறியப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டன. ஐஜிஜி இருந்தால் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். வன்னி ஆளுக்குச் செய்தால் அரிசி, தேங்காய், மீன் எல்லாவற்றையும் நிற்பாட்டச் சொல்லி ஒரு தாள் வரும். பிறகு எதைச் சாப்பிடுவது?

ஆதாரம் உள்ள பகுதி சாதாரணமாகத்தான் இருக்கும். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சீனி வருத்தத்தின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவும் நடையும் எடைக் குறைப்பும் அந்த ஆபத்தை 58 சதவீதம் குறைத்தன, மெட்ஃபோமின் என்ற சீனிக் குளிசை 31 சதவீதம். பிரித்தானியாவில் நடந்த டைரெக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்களை மூன்று முதல் ஐந்து மாதம் கடுமையான குறைந்த கலோரி உணவில் வைத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதமானோருக்குச் சீனி மருந்தில்லாமலே கட்டுக்குள் இருந்தது. இரண்டாம் வருடம் 36 சதவீதம். மற்றவர்களுக்கு அப்படி நடக்கவில்லை என்பதையும் சேர்த்து வாசியுங்கள். 'பூரண குணம்' என்று பலகையில் எழுத இதில் இடமில்லை.

இங்கே இதை எப்படிச் செய்வது? தேத்தண்ணியிலிருந்து தொடங்குங்கள். “எத்தனை கரண்டி சீனி?” என்று கேட்டால் எல்லாரும் “ரெண்டு” என்பார்கள். அடுத்த முறை வரும்போது வீட்டுக் கரண்டியைக் கொண்டு வரச் சொல்லுங்கள். சிலர் கொண்டு வருவது மேசைக்கரண்டி. மட்டமாக அள்ளிய தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம். கோப்பைக்கு இரண்டரைக் கரண்டி, நாளைக்கு எட்டுக் கோப்பை என்றால் 80 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25. இந்தக் கணக்கை அவர் கண் முன்னால், அவருடைய கரண்டியாலேயே ஒரு தட்டில் அள்ளிக் கொட்டிக் காட்டுங்கள். வீட்டுக்காரியும் பக்கத்தில் இருக்க வேண்டும். தேத்தண்ணி ஊற்றுகிறவர் அவர்தானே.

ஆனால் சாப்பாட்டைக் குறைக்கிற அன்றே மருந்தையும் பார்க்க வேண்டும். சீனியை இறக்கும் கிளிக்கிளசைட் குளிசையும் இன்சுலினும் எடுக்கிறவர் சோற்றைப் பாதியாக்கினால் சீனி இறங்கி வயலிலேயே விழுவார். சீனியைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃப்லோசின் வகைக் குளிசை எடுக்கிறவர் பட்டினி கிடந்தால், இரத்தம் அமிலமாகும் கீற்றோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான நிலை வரலாம். இரத்தச் சீனி பெரிதாக ஏறாமலும் அது வருவதால் கண்டுபிடிக்கப் பிந்திவிடும். எடை குறையும்போது பழைய அளவில் எடுக்கிற பிரஷர் குளிசையும் அளவுக்கு மிஞ்சிப்போகும். உங்களை வேறு 'இயற்கை' நிலையங்களிலிருந்து பிரித்துக் காட்டப்போவது இந்த அறிவுதான். நீங்கள் வைத்தியர், குளிசையைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்தவர். ஆகவே “இங்கிலிஷ் மருந்தை விடுங்கோ” என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து ஒருநாளும் வரக்கூடாது.

இப்போது அந்தத் தயக்கம். மூலகாரணம் என்ற சொல், காரணம் நமக்குத் தெரியும் என்று வாக்குக் கொடுக்கிறது. வவுனியாவிலும் காணப்படும், காரணம் தெரியாத சிறுநீரக நோயைப் பாருங்கள். வடமத்திய மாகாணத்தில் 1990களில் கண்டுகொள்ளப்பட்டது. கடின நீர், புளோரைட்டு, விவசாய நஞ்சு, வெயிலில் நீர் வற்றுவது என்று எத்தனையோ சந்தேகங்கள். 2015இல் கிளைபோசேட் என்ற களைநாசினியைத் தடைசெய்தும் பார்த்தார்கள், பின்னர் தடையை நீக்கவும் செய்தார்கள். இத்தனை வருட ஆராய்ச்சிக்குப் பிறகும் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒன்றரை மணித்தியாலத்தில் மூலகாரணம் சொல்கிறேன் என்கிற வைத்தியரை நான் நம்பமாட்டேன். அதோடு ஒரு நடைமுறை எச்சரிக்கை: சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்காமல் எவருக்கும் கூடிய புரத உணவோ, தாதுப் பொடியோ, பொட்டாசியம் கலந்த சத்து மாவோ கொடுக்காதீர்கள். கடையில் தானாக வாங்கிப் போடும், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய நோக் குளிசை எத்தனை என்றும் கேளுங்கள். டைக்குளோபினக் அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிற விவசாயிகள் நிறையப் பேர்.

அடுத்தது காசு. கட்டடம், இரண்டு ஊழியர், மின்சாரம் எல்லாம் மாதம் மூன்று லட்சம் என்றும், உங்கள் வீட்டுக்கு இரண்டரை லட்சம் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 45 நிமிடமாக நாளைக்கு ஆறு பேர், மாதம் 22 நாள் என்றால் 132 பேர். ஒருவரிடம் ஏறத்தாழ 4,170 ரூபாய் வாங்க வேண்டும். விசுவமடுவிலிருந்து பஸ் ஏறி வருகிறவர் ஒருமுறை தருவார், இரண்டாம் முறை வரமாட்டார். பிறகு வெளிநாட்டுக் காசு வருகிற குடும்பங்கள் மட்டும் மிஞ்சும். அவர்களைப் பிடித்து வைக்கத்தான் பரிசோதனையும் போத்தலும் மெல்ல உள்ளே வரும். நல்ல மனிதர்கள் சறுக்கியதும் இந்த இடத்தில்தான்.

ஆகவே குழுவாகப் பாருங்கள். ஒன்றரை மணித்தியாலம், பன்னிரண்டு பேர், ஆளுக்கு 700 ரூபாய். அது 8,400. தனித்தனியாக இருவரை அதே நேரத்தில் பார்த்தால் வருவது 8,340. எடை, பிரஷர், கால் பரிசோதனை எல்லாம் தாதி முடித்துவிடுவார். மருந்து மாற்றம் தேவையானவரை மட்டும் நீங்கள் உள் அறையில் தனியாகப் பாருங்கள். மற்ற நேரம் அவர்களே பேசட்டும். குரக்கன் புட்டு அவித்தால் பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்று உங்களைவிடப் பக்கத்துக் கதிரையில் இருக்கிற அக்காவுக்குத்தான் தெரியும். ஒருவரின் சுகநிலையை மற்றவர் முன்னால் வாசிக்காதீர்கள். இது சின்ன ஊர்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி நிலையத்தைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையில் பதிந்து, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் மாகாண சுகாதாரப் பணிப்பாளர் வழியாகப் போகும். வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகம். 'நிபுணர்' என்று போடாதீர்கள், அது பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பயிற்சி முடித்து மருத்துவ சபையில் அவ்வாறு பதிந்தவர்களுக்குரியது. உங்களுக்கு ஒரு படிப்பு வேண்டுமென்றால் இணையச் சான்றிதழைவிட அதே நிறுவகத்தின் குடும்ப மருத்துவ டிப்ளோமா நல்லது. சித்த மருந்து வேண்டுமா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த வைத்தியம் படித்துப் பதிவு பெற்ற ஒருவரைப் பக்கத்து அறையில் வையுங்கள், நீங்களே எழுதாதீர்கள். அண்ணா சூட்கேசில் கொண்டு வருகிற விற்றமின் போத்தல் அவர் சொந்தப் பாவனைக்கு மட்டும். ஆய்வுகூடம் தருகிற கொமிஷனைத் தொடாதீர்கள்.

வேலையை இப்போது விடவேண்டாம். அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியார் சேவை செய்ய 1977 முதல் அனுமதி உண்டு. கிழமைக்கு ஒரு பின்னேரம், வாடகை அறை, ஒரு குழு, ஆறு மாதம். காலையில் கிளினிக்கில் பார்க்கிறவரைப் பின்னேரம் உங்கள் அறைக்கு வரச் சொல்லாதீர்கள். அது மட்டும் நடந்தால் ஊரில் உங்கள் பெயர் கெட ஒரு மாதம் போதும். உங்கள் வைத்தியசாலையில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் இருந்தால் அங்கே இதே குழுவை இலவசமாக நடத்தவும் மாவட்டத் தொற்றா நோய் வைத்திய அதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். ஆறு மாத முடிவில் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், எத்தனை பேரின் எச்பிஏவன்சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனி) இறங்கியிருக்கிறது என்று எண்ணுங்கள். எட்டுப் பேர் வந்தால் இரண்டாவது குழு. நாலு குழு நிறைந்த பிறகு ஓய்வூதியம், சம்பளமற்ற விடுமுறை பற்றி நிர்வாக உத்தியோகத்தரிடம் கதையுங்கள். மூன்று பேர்தான் மிஞ்சினார்கள் என்றால், வராத ஒன்பது பேரின் வீட்டுக்கும் போய் ஏன் என்று கேளுங்கள்.

கட்டடத்துக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். முதல் குழுவைக் காலபோக அறுவடை நேரத்தில் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். சித்திரை வருடப்பிறப்பு கழியட்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகிற கிழமையையும் விட்டுவிட்டு நாள் குறியுங்கள், செவ்வாய் அல்லாத நாளாக.