'நானும்' என்றால் 'ஈவன் ஐ' தானா?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் கட்டுரையில் "மை சிஸ்டர் லைக்ஸ் மேங்கோஸ், ஈவன் ஐ லைக் மேங்கோஸ்" என்று எழுதியிருந்தாள். டீச்சர் ஈவனைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார். ஆபீஸில் நாங்கள் தினமும் இப்படித்தானே பேசுகிறோம், இதில் என்ன தப்பு?
- ஒரு வாசகி, தேனி

பதில்: டீச்சர் போட்ட வட்டம் சரிதான். ஆனால் பிள்ளையைத் திட்டாதீர்கள், அவள் தமிழில் சரியாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள். நம்முடைய 'உம்' ஒன்றுக்கு மேற்பட்ட வேலை பார்க்கிறது, நன்னூல் அதற்கு எட்டுப் பொருள் சொல்கிறது. அதில் இரண்டு போதும் நமக்கு. "அக்காவுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும்" என்பது எச்ச உம்மை, முன்னால் சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். "குறவரும் மருளும் குன்று" என்று உரைகளில் ஒரு பழைய எடுத்துக்காட்டு வருமே, அது சிறப்பும்மை: மலையிலேயே பிறந்து வளர்ந்த குறவருக்கே வழி தப்புகிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட மலை!

ஈவன் இந்த இரண்டாவது உம்முக்குத்தான் பொருந்தும். "ஈவன் ஐ லைக் மேங்கோஸ்" என்றால் வெள்ளைக்காரர் காதில், மாம்பழம் என்றாலே முகம் சுளிக்கும் எனக்குக்கூடப் பிடித்துவிட்டது என்று விழும். உங்கள் மகள் சொல்ல வந்தது அது இல்லையே? "ஐ லைக் மேங்கோஸ் டூ" என்று எழுதச் சொல்லுங்கள். "ஈவன் ஐ ஆல்ஸோ" என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்களும் உண்டு, அது வேண்டவே வேண்டாம்.

அப்புறம், ஈவன் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். "ஈவன் ரவி டிடின்ட் ஈட்" என்றால் ரவிகூடச் சாப்பிடவில்லை (பந்திக்கு முந்தும் ரவியே சாப்பிடவில்லை). "ரவி டிடின்ட் ஈவன் ஈட்" என்றால் ரவி சாப்பிடக்கூட இல்லை, அப்படியே கிளம்பிவிட்டான். தமிழில் 'கூட' இடம் மாறுவதைப் போலவேதான், அதனால் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் தடுமாற்றம் வராது.

கேள்வி: ஈவன் இஃப், ஈவன் தோ இரண்டும் ஒன்றா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: இல்லை. "மழை பெய்தாலும் வருவேன்" என்பது ஈவன் இஃப், மழை வருமோ வராதோ தெரியாது. "மழை பெய்தும் வந்தேன்" என்பது ஈவன் தோ, மழை நிஜமாகவே பெய்தது, நனைந்துகொண்டுதான் வந்தேன். 'ஆலும்' வந்தால் இஃப், 'தும்' வந்தால் தோ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

கேள்வி: இரட்டைப்படை எண்ணை ஏன் ஈவன் நம்பர் என்கிறார்கள்? ஈவ்னிங்குக்கும் இதற்கும் உறவு உண்டா?
- பிளஸ் ஒன் மாணவர், சிதம்பரம்

பதில்: ஈவனுக்கு அடிப்படைப் பொருளே சமம், மேடு பள்ளம் இல்லாதது. எட்டு புளியங்கொட்டையை இரண்டு பேருக்குப் பிரித்தால் சமமாகப் போகும், ஏழைப் பிரித்தால் ஒன்று கையில் மிஞ்சும். ஈவ்னிங் மாலையைக் குறித்த வேறொரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, ஓசைதான் ஒன்றுபோல் இருக்கிறது.