மூளை எம்.ஆர்.ஐ. ஆய்வுக்குத் தனித் தரவுத்தளம் தேவையா? ஃபோல்டரும் எக்செல்லும் போதாதா?

முதியவர்களின் நினைவாற்றலை ஆராயப்போவதாகவும், ஒவ்வொருவரையும் மூன்று முறை வரவழைத்து எம்.ஆர்.ஐ. எடுக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஃபோல்டரும் எக்செல்லும் போதாது. ஒருவருக்கு ஒரே ஸ்கேன், அதைப் பார்ப்பவர் இரண்டு பேர் என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

ஆய்வுக்கூடம் ஒன்றில் படத்தரவைப் பராமரிப்பது என் வேலை. ஆய்வாளர்கள் என்னிடம் கேட்பது இந்த மாதிரிதான்: எழுபது வயதைக் கடந்தவர்களில் யாருக்கெல்லாம் இரண்டாம் வருகையின் டி1 படம் (மூளையின் அமைப்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படவகை) தலை அசையாமல் பதிவாகியிருக்கிறது, அவர்களில் நினைவாற்றல் தேர்வையும் முடித்தவர்கள் யார்? ஃபோல்டர் பெயரைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எக்செல்லில் பதில் இருக்கலாம். ஆனால் அங்கே எழுதியிருப்பதும் டிஸ்கில் இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று யார் சரிபார்ப்பது? ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து யாராவது வரிசைப்படுத்திவிட்டால், ஒருவரின் வயது இன்னொருவரின் படத்தோடு சேர்ந்துவிடும். அது பல மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் இருக்கக்கூடும்.

நான் முதலில் பரிந்துரைப்பது எக்ஸ்நாட். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச, திறந்த மூல மென்பொருள் இது. டேனியல் மார்கஸ் குழுவினர் 2007இல் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். 18 முதல் 96 வயது வரையிலான 416 பேரின் மூளைப் படங்களைக் கொண்ட ஓயாசிஸ் தொகுப்பை அவர்கள் பொதுவில் வைத்ததும் அதே ஆண்டில்தான். படக் கோப்புகள் டிஸ்கிலேயே இருக்கும். அவற்றைப் பற்றிய விவரங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கும். திட்டம், அதன் கீழ் பங்கேற்பாளர், அவருக்குக் கீழ் வருகை, வருகைக்குக் கீழ் ஸ்கேன் என்ற அடுக்கை மென்பொருளே காக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதன் முன்காப்பகம். ஸ்கேனரிலிருந்து வரும் படங்களை அங்கே நிறுத்திவைத்து, பங்கேற்பாளர் எண் சரியா, எல்லாப் படவரிசைகளும் வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகு உள்ளே அனுமதிக்கலாம்.

அடையாள நீக்கத்தையும் இந்த வாசலிலேயே செய்துவிட வேண்டும். ஸ்கேனர் தரும் படங்கள் டைகாம் என்ற கோப்பு வடிவில் இருக்கும். அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் எல்லாம் இருக்கும். அவற்றை நீக்கினால் மட்டும் போதாது என்பதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். தலையின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து முகத்தை மீட்டு, முக அடையாள மென்பொருளின் உதவியுடன் புகைப்படங்களோடு ஒப்பிட்டார்கள். 84 தன்னார்வலர்களில் 70 பேரை மென்பொருள் சரியாகப் பொருத்திவிட்டது. நம் பங்கேற்பாளர்களும் நம்மை நம்பி ஸ்கேனர் குழாய்க்குள் படுப்பவர்கள்தான். வெளியே பகிரும் பிரதிகளில் முகப்பகுதியைக் கட்டாயம் அகற்றுங்கள். மூலப் பிரதியை மிகச் சிலர் மட்டும் திறக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். ஏனென்றால் முகத்தை அகற்றும் நிரல் சில சமயம் மூளையின் ஓரத்தையும் வெட்டிவிடும். தேதிகளை முழுவதும் அழித்துவிடாதீர்கள். ஒருவரின் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நகர்த்தினால் வருகைகளுக்கு இடைப்பட்ட காலம் கெடாது. உங்கள் ஆய்வே அந்த இடைவெளியை நம்பித்தான் இருக்கிறது.

2016இல் வெளியான பிட்ஸ் என்ற கோப்பு ஒழுங்குமுறை இருக்கும்போது தரவுத்தளம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பங்கேற்பாளர், வருகை, படவகை மூன்றையும் கோப்புப் பெயரிலேயே சொல்லும் நல்ல ஏற்பாடு அது. பகுப்பாய்வுக்குப் போகும் பிரதியை அப்படியே அடுக்குங்கள். ஆனால் யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதிகளை பிட்ஸ் கவனிக்காது; அதற்குத்தான் தரவுத்தளம்.

உங்களிடம் கேள்வித்தாள்களும் நினைவாற்றல் தேர்வுகளும் ஏராளம் என்றால், கனடாவின் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் உருவான லோரிஸ் என்ற தரவுத்தள மென்பொருளையும் பாருங்கள். தொடர் வருகைகளின் படிவங்களைக் கையாள்வதில் அது எக்ஸ்நாட்டைவிட வசதியானது என்பது என் கருத்து.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்தச் சம்பளத்தை நிதி விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். காப்பு நகல் எடுக்கும்போது தரவுத்தளத்தையும் படங்கள் உள்ள டிஸ்கையும் சேர்த்தே எடுங்கள்; ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது. முதல் ஸ்கேனுக்கு முன்பே பங்கேற்பாளர் எண்களை முடிவு செய்து, ஸ்கேன் அறைத் தொழில்நுட்பரிடம் அச்சிட்ட பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள்.