வீட்டுக் கல்யாணமும் வாவிக்கரையும்: எந்த வைட் லென்ஸ் வாங்கலாம்?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். கெனன் 200டி கமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், சாமத்திய வீடு என்றால் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அறைக்குள் எவ்வளவு பின்னால் போனாலும் எல்லோரும் படத்துக்குள் வருவதில்லை. வாவி, வயல், கடற்கரை எடுக்கவும் ஆசை. கெனன் 10-18 வாங்கலாமா, அல்லது பாவித்த டோக்கினா 11-16 எஃப் 2.8 ஒன்று கிடைக்கிறது, அதை எடுக்கலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு தேவைகளில் ஒன்றுக்குத்தான் அகன்ற காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸ் கட்டாயம் வேண்டும். முதுகு சுவரில் முட்டிய பிறகும் ஆட்கள் வெளியே நிற்கிறார்கள் என்றால் வேறு வழியில்லை. வாவிக்கும் வயலுக்கும் கையில் இருக்கும் 18-55 போதும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அறைக்கணக்கு. லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலும். 200டியில் படம் பதியும் சென்சார் ஏறத்தாழ 22 மி.மீ. அகலம். பத்தடி தள்ளி நின்று 18 மி.மீ.இல் எடுத்தால் சுமார் 12 அடி அகலம் படத்துக்குள் வரும். 10 மி.மீ.இல் அதே இடத்தில் நின்றால் 22 அடி. 11 என்றால் 20 அடி. 10க்கும் 11க்கும் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் சின்ன ஹோலுக்குள் அந்த இரண்டடியில் ஒரு ஆள் நிற்கலாம். தூரத்து லென்ஸில் 199க்கும் 200க்கும் வித்தியாசமே தெரியாது. இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் காசு.

எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள், சரி. வந்த பிறகு ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபட்டுக் கிடக்கும். கரையில் நின்ற பெரியம்மா படத்தைப் பார்த்துவிட்டு உங்களிடம் கதைக்காமல் போனாலும் ஆச்சரியமில்லை. இது மலிவு லென்ஸின் குறையில்லை. அவ்வளவு அகன்ற காட்சியைத் தட்டையான சென்சாரில் விரித்தால் ஓரம் இழுபடத்தான் செய்யும், எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் இதைத்தான் செய்யும். ஆகவே குழுப்படத்துக்கு 10க்குப் போகாதீர்கள். 14, 15இல் நிறுத்தி, ஆட்களை இரண்டு வரிசையாக்கி, இரு கரையிலும் ஒரு ஆள் அகலத்துக்கு வெறும் இடம் விடுங்கள். கமராவை நெஞ்சு உயரத்தில், மேலேயோ கீழேயோ சரிக்காமல் நேராகப் பிடியுங்கள். கொஞ்சம் அண்ணாந்தால்கூட மணவறைத் தூண்கள் இரண்டும் உள்ளே சாய்ந்து, இப்போது விழும் என்பது போல நிற்கும்.

10 மி.மீ.ஐ வைத்துக்கொள்ள வேண்டிய இடம் வேறு. தாலி கட்டும் நேரம் மாப்பிள்ளை, பெண், ஐயர், சுற்றிக் குரவை போடும் பெண்கள், மேலே பந்தல் வெள்ளை, எல்லாம் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்றால் அங்கே இந்த லென்ஸுக்கு ஈடு இல்லை. மணமக்கள் நடுவில் இருக்க, இழுபடுவது பந்தல் காலும் நிறைகுட மேசையும்தான். அதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இனி வெளிச்சம். டோக்கினாவின் பெருமை எஃப் 2.8. எஃப் எண் சிறிதானால் லென்ஸுக்குள் வெளிச்சம் கூடப் போகும். கெனன் 10-18 ஆரம்பிப்பதே எஃப் 4.5இல், 18க்குப் போனால் 5.6. எஃப் 4.5இல் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் வெளிச்ச உணர்வு, கூடினால் படம் புள்ளி புள்ளியாகும்) 3200 வேண்டிய இடத்தில், அதே ஷட்டர் வேகத்துக்கு டோக்கினாவில் 1250 போதும். கெனனில் கை நடுக்கத்தை அடக்கும் ஐ.எஸ். இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கை ஆடுவதைத்தான் அடக்கும், ஆட்டிக்கொண்டு நிற்கும் ஆட்களை அடக்காது. ஆக ஃபிளாஷ் இல்லாமல் இரவில் எடுப்பவருக்கு, உதாரணமாகக் கண்ணகை அம்மன் கோயில் வெளி வீதியில் சடங்கு நேரத்துக் கூட்டத்தை எடுக்க அனுமதி உள்ளவருக்கு, டோக்கினாதான் சரி. வயல் நடுவே நின்று நட்சத்திரம் எடுப்பவருக்கும் அதுவே.

ஆனால் நீங்கள் சொன்னது கல்யாண வீடு. அங்கே ஃபிளாஷ் பாவிக்கத்தான் போகிறீர்கள். கமராவின் தலையில் எழும்பும் குட்டி ஃபிளாஷ் 18 மி.மீ. வரைக்கும்தான் வெளிச்சத்தைப் பரப்பும். 10இல் நாலு மூலையும் இருட்டாகும், லென்ஸின் முன்னால் வெயில் மறைப்பான ஹூட் போட்டிருந்தால் படத்தின் அடியில் பிறை வடிவில் ஒரு நிழலும் விழும். தனி ஃபிளாஷ் ஒன்றை மேலே திருப்பிக் கூரையில் அடித்து எடுங்கள். கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். சிவப்புத் துணிப் பந்தலில் அடித்தால் எல்லோர் முகமும் சிவந்துவிடும்.

என் தீர்ப்பு: 10-18ஐ வாங்குங்கள். 240 கிராம்தான். டோக்கினா அரைக் கிலோவுக்கு மேல், உங்கள் கமராவே 450 கிராம் அளவுதான் என்பதால் முன்பாரம் இழுக்கும். 10-18 முடியும் இடத்தில் உங்கள் 18-55 தொடங்குகிறது. திரையைப் பார்த்து எடுக்கும்போதும் வீடியோவிலும் 10-18இன் ஃபோகஸ் சத்தமில்லாமல் ஓடும். ஒன்று, இதன் ஃபில்டர் அளவு 67 மி.மீ., உங்கள் 58 மி.மீ. ஃபில்டர்கள் இதற்குப் பொருந்தாது. ஹூட்டையும் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

வாவிக்கு வருவோம். மட்டக்களப்பில் கல்லடிக் கரையில் நின்று 10 மி.மீ.இல் எடுத்துப் பாருங்கள். முக்கால் படம் வெறும் வானமும் தண்ணீரும், நடுவில் பாலம் ஒரு கோடு. வைட் லென்ஸ் தூரத்தில் இருப்பதை இன்னும் தூரமாக்கும். கிட்டத்தில் ஏதாவது இருந்தால்தான் அதற்கு வேலை. தோணியின் அணியம் காலடியில் கிடக்க, பின்னால் வாவி விரிந்தால் படம். பழைய இரும்புப் பாலத்துக்குள் நின்று எடுத்தால் இரண்டு பக்கமும் சட்டங்கள் வரிசையாக ஓடிப்போய் ஒரு புள்ளியில் சேரும், அதுவும் படம். தூரத்துக் காட்சி முழுவதும் வேண்டும் என்றால் 18-55ஐ 35இல் வைத்து, படம் நெடுக்காக வரும்படி கமராவை நிமிர்த்திப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன் மேல் ஒன்று வருமாறு ஐந்தாறு படம் எடுங்கள். ஹக்கின் என்ற இலவச மென்பொருளில் ஒட்டினால் 10 மி.மீ.ஐ விடத் துல்லியமான படம் கிடைக்கும். வானத்தை நீலமாக்கப் போலரைசர் என்ற ஃபில்டரைப் போடுவோர் உண்டு. வைட் லென்ஸில் அதைப் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகி, பக்கங்கள் வெளிறி நிற்கும். தேவையில்லை.

பாவித்த லென்ஸ் எதுவானாலும், 10-18 ஆனாலும், கையில் எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்னால் இருந்து ஃபோன் டோர்ச்சை அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் ஃபங்கஸ். மாரி மழைக் காலத்தில் அலுமாரிக்குள் கிடந்த லென்ஸ்களுக்கு நம் பக்கத்தில் இது சர்வசாதாரணம். நாலு தூசு இருந்தால் பரவாயில்லை, நூல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்தது, பகல் வெளிச்சத்தில் கடற்கரைக்குக் கொண்டுபோய், அடிவானக் கோடு படத்தின் நடுவில் வரும்படி 10இல், எஃப் 5.6இல் ஒரு படம். கமராத் திரையில் பெருப்பித்து இடக்கோடியையும் வலக்கோடியையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் களி என்றால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது, எப்போதோ விழுந்திருக்கும்.

வாங்கிய பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிட்டுத் தூசு சூம் வளையத்துக்குள் போய்விடும். கடற்கரையில் எடுத்த நாளில் வீட்டுக்கு வந்ததும் மெல்லிய ஈரத்துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடைத்து உப்பை எடுங்கள்.

கடைசியாக, பின்னாளில் கெனனின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கமராவுக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு இந்த 10-18ஐப் பாவிக்கலாம். ஆனால் 6டி போன்ற, பெரிய சென்சார் உள்ள பழைய ஃபுல் ஃபிரேம் கமரா வாங்கும் எண்ணம் இருந்தால் இது அதில் பூட்டவே முடியாது. அப்படி ஒரு திட்டம் மனதில் இருந்தால் இப்போது எதுவும் வாங்காதீர்கள்.