எச்.ஐ.வி. 'தாமதமாகக் கண்டறியப்பட்டது' என்றால் என்ன?

சி.டி.4 எனும் காவல் அணுக்கள் ஒரு மைக்ரோலீட்டர் இரத்தத்தில் 350க்குக் கீழே இறங்கிய பிறகு தொற்று தெரியவந்தால், அதைத் தாமதம் என்கிறார்கள். ஏன் பிந்துகிறது? பல வருடங்கள் உடம்பு ஒன்றும் காட்டாது.

மலையகத்தில் தேயிலைத் தண்டைக் குடையும் கறையானைப் பார்த்திருப்பீர்கள். மேலே கொழுந்து பச்சையாகத் துளிர்க்கும். உள்ளே தண்டு கூடாகியிருக்கும். கவ்வாத்து வெட்டும்போதுதான் தெரியும். இங்கே அந்தக் கவ்வாத்துக் கத்தி, இரத்தப் பரிசோதனை. அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசம். ஆனால் லயத்தில் ஒரு வீட்டில் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அந்தப் பயமே பலரைத் தடுக்கிறது என்பேன். சரி, பக்கத்து டவுனுக்குப் பதிலாக கண்டிக்குப் போய்வரலாமே!

இன்னொன்று: நாட்டில் இந்த வருடப் பதிவுகள் கூடினால், அத்தனை பேருக்கும் இந்த வருடமே தொற்றியது என்று அர்த்தமில்லை, பழைய தொற்றுகள் இப்போது பரிசோதனையில் அகப்பட்டிருக்கலாம்.