கரண்ட் வைக்கும் நாட்களில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அம்மாவுக்கு மார்பகத்தில் அறுவை சிகிச்சை முடிந்து கரண்ட் வைக்கிறார்கள். உடம்பு சூடாகிவிடும் என்கிறார்கள். இளநீர் கொடுக்கலாமா? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது, அம்மா தூக்கலாமா?

இளநீரும் கொடுக்கலாம், பேரக் குழந்தையையும் தூக்கலாம். கரண்ட் என்பது புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சையின் பேச்சுவழக்குப் பெயர்தான். மின்சாரம் எதுவும் உடம்புக்குள் போவதில்லை. போவது எக்ஸ்ரே, நெஞ்சுப் படம் எடுப்பதைவிடப் பல மடங்கு ஆற்றலோடு. ஒரு நாளைக்குக் கொடுக்கும் 2, 3 கிரே (கதிர் அளவின் அலகு), திசுவின் வெப்பத்தை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஏற்றாது. வேலை நடப்பது செல்லுக்குள்ளே, டி.என்.ஏ. இழைகள் அறுபடுவதில். தோல் கறுத்து எரிவதும் அதனால்தான், சூட்டினால் அல்ல.

இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும். உடம்பில் எதுவும் தங்காது. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்கள், புராஸ்டேட்டில் நிரந்தரமாகக் கதிர் விதை (கதிர் வெளியிடும் சிறு மணி) வைத்துக்கொண்டவர்கள் கதை வேறு. அவர்கள் எத்தனை நாள் குழந்தைகளிடமிருந்து விலகி இருக்க வேண்டும் என்பதை மருத்துவமனையே சொல்லி அனுப்பும்.

கரண்ட் படும் இடத்தில் மஞ்சள், எண்ணெய், பவுடர் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பருத்தி ரவிக்கை போதும். கதிர் படும் இடத்தைக் குறிக்கத் தோலில் போட்ட மைக்கோடு மங்கினால் வீட்டிலேயே பேனாவால் புதுப்பிக்காதீர்கள், மறுநாள் டெக்னீஷியனிடம் காட்டுங்கள்.

அப்பாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்று. 35 நாள் கரண்ட் என்றார்கள். ஆனால் முதலில் பல் டாக்டரிடம் அனுப்பி, ஆறு பல்லைப் பிடுங்க வேண்டும் என்கிறார்கள். புண் வளரும் நேரத்தில் இந்தத் தாமதம் தேவையா?

தேவை. 70 கிரே வாங்கிய தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் குழி மூடாது. எலும்பு வெளியே தெரிந்து, சீழ் பிடித்து, செத்துப்போகலாம். ஐந்து வருடம் கழித்தும் இது நடக்கும். அதனால் காப்பாற்ற முடியாத பற்களை இப்போதே எடுத்து, புண் ஆற இரண்டு வாரமாவது விடுகிறார்கள். அந்த நாட்கள் வீணாகப் போவதில்லை, மாஸ்க் செய்வதும் சி.டி. எடுத்துத் திட்டம் போடுவதும் அதற்குள் முடிந்துவிடும். இனி எப்போது எந்தப் பல் டாக்டரிடம் போனாலும், நாற்காலியில் உட்காரும் முன் "தாடையில் கரண்ட் வைத்திருக்கிறது" என்று அப்பா சொல்லியாக வேண்டும்.

மாஸ்க் என்பது வெந்நீரில் இளக்கி முகத்தில் அழுத்தும் துளைத் தகடு. சில நிமிடத்தில் முகத்தின் வார்ப்பாக இறுகிவிடும். தாடியை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் மாஸ்க் தளர்ந்துவிடும். எடை குறைந்தாலும் இதே தொல்லை. தளர்ந்த மாஸ்க்குக்குள் முகம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே கதிர் குறி தவறும், மறுபடி சி.டி., மறுபடி திட்டம். எனவே வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

இரண்டாவது வாரம் ருசி போகும், மூன்றாவது வாரம் வாய் புண்ணாகும். கடைசி நாளுக்குப் பிறகும் ஓரிரு வாரம் புண் கூடிவிட்டுத்தான் ஆறத் தொடங்கும். "கரண்ட் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன்?" என்று பலரும் அங்கேதான் பயப்படுகிறார்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். கடை மவுத்வாஷில் ஆல்கஹால் இருந்தால் எரியும். ரசம், ஊறுகாய் வேண்டாம். கேழ்வரகுக் கஞ்சி, குழைத்த தயிர் சாதம், வேகவைத்து மசித்த முட்டை, பாலில் ஊறிய இட்லி, எல்லாம் ஆறவைத்து. விழுங்கவே முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போடுவார்கள். மறுக்க வேண்டாம், தற்காலிகம்தான். வாயைத் திறந்து மூடும் பயிற்சியை முதல் நாளிலிருந்தே செய்யட்டும், தாடை இறுகிப்போன பிறகு திறப்பது பெரும்பாடு. புகையிலையை இன்றோடு விட வேண்டும்.

33 நாளில் 14 முடிந்தது. ஊரில் ஒரு துக்கம். ஒரு வாரம் போய்வந்து, பிறகு தினமும் இரண்டு நாள் அளவைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. தலை, கழுத்து, கருப்பை வாய்ப் புற்றுகளில், சிகிச்சை தொடங்கி நாலாவது வாரத்தை ஒட்டி, மிஞ்சிய செல்கள் வேகம் பிடித்துப் பெருகுகின்றன. மொத்தக் காலம் ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது. சனி, ஞாயிறு விடுமுறையைக் கணக்கில் சேர்த்துத்தான் திட்டம் போட்டிருக்கிறார்கள், உங்கள் ஒரு வாரம் அதில் இல்லை.

இரட்டை அளவை ஒரே நேரத்தில் கொடுத்தால், நல்ல திசுவுக்கு, குறிப்பாக நரம்புக்கும் தண்டுவடத்துக்கும், சேதம் இரண்டு மடங்கோடு நிற்காது. அந்தச் சேதம் மாதங்கள் கழித்துத் தெரியும், திரும்பாது. விட்ட நாளை ஈடுகட்ட சனிக்கிழமை வைப்பார்கள்; அல்லது ஒரே நாளில் இரண்டு முறை, நடுவில் ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு. சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது என்பது புரிகிறது. காலையில் முதல் ஆளாகக் கரண்ட் வைத்துக்கொண்டு கிளம்ப முடியுமா என்று கேளுங்கள். படுக்கையில் ஆகும் நேரம் பெரும்பாலும் கால் மணிதான். இயந்திரம் பழுது என்று அவர்களே நிறுத்தினாலும், வேறு இயந்திரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

கருப்பை வாய்ப் புற்று. தினமும் தண்ணீர் குடித்துக் காத்திருக்கச் சொல்கிறார்கள், அடக்க முடியவில்லை. உள்ளே வைக்கும் கரண்டை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் குடலை மேலே தள்ளிவைக்கும், பேதி குறையும். சிறுநீர் கழித்துவிட்டு, அரை லிட்டர் குடித்து, முக்கால் மணி காத்திருப்பது வழக்கமான முறை. தினமும் ஒரே அளவு என்பதுதான் முக்கியம், இல்லாவிட்டால் கருப்பை இடம் மாறும். வரிசை தாமதமானால் சொல்லிவிட்டுப் போய்வந்து மறுபடி ஆரம்பியுங்கள். பாதி கழித்துவிட்டு மறைக்காதீர்கள்.

உள் கரண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து 25 நாளில் தரும் 45 முதல் 50 கிரே இந்தக் கட்டிக்குப் போதாது. அதற்கு மேல் வெளியிலிருந்து கொடுத்தால் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் தாங்காது. அரிசி மணி அளவு இரிடியம் என்ற கதிரியக்க உலோகம், குழாய் வழியாகக் கட்டியின் அருகே போய்ச் சில நிமிடம் நின்று, பெட்டிக்கே திரும்பிவிடும். மயக்கமோ வலி மருந்தோ கொடுத்துத்தான் செய்கிறார்கள். வெளி, உள் இரண்டும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும்.

கோபால்ட் இயந்திரம் பழையதாமே?

பழையதுதான். ஆனால் முதுகெலும்பு வலிக்கு இன்றும் நன்றாக வேலை செய்கிறது. அதில் கதிர் தரும் கோபால்ட்-60 உலோகத்தின் வீரியம் சுமார் 5.3 வருடத்தில் பாதியாகக் குறைவதால் அதே அளவைக் கொடுக்க நேரம் கூடும், அவ்வளவுதான். வாய், தொண்டை, மூளை போல நெருக்கடியான இடங்களுக்கு மின்சாரத்தால் எக்ஸ்ரே உண்டாக்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டர் இயந்திரம் கிடைத்தால் அதையே கேளுங்கள், உமிழ்நீர்ச் சுரப்பியை ஒதுக்கிக் கொடுக்கலாம்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 35 நாள். புற்று இடுப்பெலும்புக்குப் பரவிய என் அண்ணனுக்கு ஒரே நாள். கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. நோக்கம் வேறு. எலும்பு வலியைக் குறைக்க ஒரே தடவையில் கொடுக்கும் 8 கிரே, பத்து நாள் பிரித்துக் கொடுப்பதற்குச் சமமாக வலியைத் தணிக்கிறது. திரும்ப வலித்தால் இன்னொரு முறையும் வைக்கலாம். நிவாரணம் தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். முதல் இரண்டு நாள் வலி கூடவும் செய்யும், வலி மாத்திரையை அப்போது நிறுத்திவிடாதீர்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ அடுத்த நாள்வரை காத்திராமல் அன்றே கூட்டிப்போங்கள்.