படகை அடகு வைக்க வேண்டாம்

பாம்பனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. மாலையில் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லித் தருகிறாள்; டீச்சராக வேண்டும் என்கிறாள். பெரியப்பாவோ, நீட்டில் சீட் கிடைக்காவிட்டால் படகின் மேல் கடன் வாங்கி ஒரு வருடம் கோச்சிங் அனுப்பச் சொல்கிறார்.

கவலைப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன் அம்மா. அந்தக் கடன் கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. கோச்சிங்குக்கு முன்பணம் கட்டச் சொல்வதும் அந்த நேரத்தையொட்டித்தான். பிள்ளை கேட்காத படிப்புக்கு வட்டி கட்டாதீர்கள்.

"வாத்தியார் வேலைக்கு என்ன மதிப்பு?" என்றால் சகோதரி சுப்பலட்சுமியைச் சொல்லுங்கள். பால்ய விதவை. 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி. கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திப் படிக்க வைத்தார். 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கி முதல்வரானார். அதோடு ஒரு பள்ளியும் இருந்தது. நிஜப் பிள்ளைகள் முன்னால் நின்றுதானே பாடம் நடத்தப் பழக முடியும்?

இதே ஏற்பாடு மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனத்தில் இருக்கிறது. பாடப்புத்தகம் போடும் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நடத்துவது, வளாகத்திலேயே மாதிரிப் பள்ளி, விடுதி. நான்கே வருடத்தில் பி.எஸ்சி., பி.எட். இரண்டும் சேர்ந்து முடியும். தனித்தனியாகப் படித்தால் ஐந்து. மைசூரு தூரம் என்றால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு.

இதில் சேர என்.சி.இ.டி. என்ற தேசிய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். மொழி, விருப்பப் பாடங்கள், பொது அறிவு, கற்பிக்கும் திறன் என்று கேள்விகள் வரும். தமிழிலேயே எழுதலாம். நீட்டுக்குப் படித்த உயிரியலும் வேதியியலும் வீண் போகாது. நீட் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், முதல் செமஸ்டர் திணறுவாள். திணறட்டும், பழகிவிடும்.

பட்டம் வாங்கியதும் அரசு வேலை வீடு தேடி வராது, டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும், டி.ஆர்.பி. என்ற ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வும் எழுத வேண்டும். அதையும் மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பெரியப்பா கோபித்துக்கொண்டால் எனக்குப் போன் போடச் சொல்லுங்கள்.